அவர் உட்கார்ந்திருக்கிறார், கேமரா ஏன் நிற்கிறது?

தேக்காவில் நான் எடுத்த முதல் குறும்படத்தின் நீளம் மூன்று நிமிடம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்காகக் கைப்பேசியில் எடுத்தது. கேம்பல் லேனை ஒட்டிய ஒரு கடையோரத்தில், தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பூக்கட்டும் ஓர் அம்மாவைப் பற்றிய படம். வெள்ளை மல்லிகை, மஞ்சள் சாமந்தி, பின்னால் கடைவீட்டின் நீலச் சுவர், மேலே தீபாவளி விளக்கு அலங்காரம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அஞ்சலட்டை ஆக்கிவிடலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வகுப்பில் திரையிட்டு முடித்ததும் விரிவுரையாளர் வண்ணத்தைப் பற்றியோ இசையைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவர் உட்கார்ந்திருக்கிறார். நீ ஏன் நின்றுகொண்டிருக்கிறாய்?”

முதலில் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 19 ஷாட்கள். 17 ஷாட்களில் கேமரா அவருக்கு மேலே இருந்தது. தெரிந்ததெல்லாம் அவருடைய வகிடு, விரல்கள், பூத்தட்டு. முகம் எப்போதாவது அவர் நிமிரும்போது மட்டும். ஏதோ ஒரு பொருளை உணர்த்துவதற்காக நான் அப்படி எடுக்கவில்லை. நின்றபடி கைப்பேசியைப் பிடித்தால் அது நெஞ்சுயரத்தில் இருக்கும், அவ்வளவுதான். லிட்டில் இந்தியாவுக்கு வந்து பூக்கடையைப் படமெடுக்கும் பயணிகள் எல்லாரும் நிற்கும் அதே உயரம்.

அடுத்த வாரம் அந்த அம்மாவிடமே படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். “பூ நல்லா விழுந்திருக்கு தம்பி,” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: “நான் எங்க இருக்கேன் இதுல?”

அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடியதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். திரைப்படம் படிக்காதவர்களும் தினமும் ஏதாவது காணொளி எடுக்கிறோம் என்பதால், இது எல்லாருக்கும் பயன்படலாம்.

அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

ஊடகப் பாடம் எடுத்தவர்களுக்கு ஓர் அட்டவணை தெரிந்திருக்கும். கீழிருந்து மேல்நோக்கி எடுத்தால், அதாவது ‘லோ ஆங்கிள்’ என்றால், அதிகாரம். மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கும் ‘ஹை ஆங்கிள்’ என்றால் பலவீனம். ‘குளோஸ் அப்’ உணர்ச்சி. ‘லாங் ஷாட்’ தனிமை. நானும் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அட்டவணை பொய்யில்லை. நம் நாயகர்கள் திரையில் நுழையும் விதத்தைப் பாருங்கள். முதலில் காலணி, பிறகு தரையோரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் கேமரா, பின்னணியில் தூசி. பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூட இவர்தான் பெரியவர் என்று தெரிந்துவிடும். வெளிச்சமும் அப்படித்தான் பேசும். ‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்குகளைத் தலைக்கு மேல் வைத்தார். மார்லன் பிராண்டோவின் கண்கள் நிழலுக்குள் போய்விட்டன. அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. 1987ல் ‘நாயகன்’ படத்தில் பி.சி. ஸ்ரீராமும் இருட்டை அப்படித் துணிந்து பயன்படுத்தினார். ‘தளபதி’யில் (1991) சந்தோஷ் சிவன் ரஜினிகாந்துக்குப் பின்னால் அடிக்கடி சூரியனைக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பாத்திரம் மகாபாரதத்தின் கர்ணன், சூரியனின் மகன். வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் அட்டவணையை அகராதியாக எடுத்துக்கொண்டால் சீக்கிரமே மாட்டிக்கொள்வோம். ஆர்சன் வெல்ஸ் தம் 25வது வயதில் எடுத்த ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தில் ஒரு காட்சி. தேர்தலில் தோற்ற இரவில் கேன், ஆளில்லாத அலுவலகத்தில் நண்பரோடு பேசுகிறார். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் கேமராவைக் கீழே இறக்குவதற்காகப் படப்பிடிப்புத் தளத்தின் தரையையே வெட்டினார்கள். அவ்வளவு தாழ்ந்த ‘லோ ஆங்கிள்’. அட்டவணைப்படி கேன் அங்கே மலைபோல் தெரிய வேண்டும். தெரியவும் செய்கிறார். ஆனால் அவர் தலைக்கு மேலேயே கூரையும் தெரிகிறது. பெரிய மனிதர் ஒருவர் தமக்குப் போதாத பெட்டிக்குள் அடைபட்டதுபோல் இருக்கிறது. அதே கோணம்தான். காட்டுவதோ தோல்வியை.

ஹேண்டி ரோட்டில் ஒரு ஜப்பானியர்

இந்த இடத்தில் ஒரு சிங்கப்பூர்க் கதை குறுக்கே வருகிறது. படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

தேக்காவிலிருந்து செலிகி ரோடு வழியாக நடந்தால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஹேண்டி ரோட்டுக்கு வந்துவிடலாம். அங்கே கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு இன்றும் நிற்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943 அக்டோபர் 21ஆம் தேதி, சுபாஷ் சந்திர போஸ் அந்தக் கட்டடத்தில்தான் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம்.

அதே ஆண்டில் ஜப்பானிய ராணுவம் ஓர் இயக்குநரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. போஸையும் இந்திய விடுதலைப் போராட்டத்தையும் பற்றி ஒரு பிரசாரப் படம் எடுப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவர் யாசுஜிரோ ஓசு. பிறகு ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) எடுத்து உலகப் புகழ் பெற்றவர். இந்தியப் படம் கடைசிவரை முடியவில்லை. ஜப்பானியர் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களை ஓசு இங்கே உட்கார்ந்து பார்த்தார். அவற்றில் ஒன்று ‘சிட்டிசன் கேன்’. போர் முடிந்து 1946ல் நாடு திரும்பினார்.

ஓசுவின் கேமராவும் தாழ்ந்துதான் இருக்கும். சிங்கப்பூருக்கு வருவதற்கு முன்பே அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். தரையில் பாயில் உட்கார்ந்திருப்பவரின் மட்டத்தில், சில நேரம் அதற்கும் கீழே. ஆனால் வெல்ஸின் கேமரா அண்ணாந்து பார்க்கும். ஓசுவின் கேமரா பெரும்பாலும் நேராகப் பார்க்கும். அதனால் ஓசு படத்தில் யாரும் பூதாகரமாகத் தெரிவதில்லை. வயதான அப்பாவும் அம்மாவும் பாயில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள், நாமும் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறோம். கேமராவின் உயரம் வேறு, கோணம் வேறு என்பது எனக்கு விளங்கியது இங்கேதான். பாடநூல்களில் பல நேரம் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த இந்தியப் படம் முடிந்திருந்தால், தோட்டத்துத் தமிழர்களை ஓசு எந்த உயரத்திலிருந்து காட்டியிருப்பார் என்று அவ்வப்போது யோசிப்பேன். ராணுவத்துக்குப் பிரசாரப் படம் வேண்டுமென்றால் அண்ணாந்துதான் எடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

‘பின்னணி: கூட்டம்’

உயரத்துக்கு அடுத்தது தூரம். என் குறும்படத்தில் ஒரு ‘லாங் ஷாட்’ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா நிலையத்தின் மேல்தளத்திலிருந்து எடுத்தது. கீழே வெளிநாட்டு ஊழியர்கள் நிறைந்த தெரு. படப்பிடிப்புக்கு முன் நான் எழுதிய ஷாட் பட்டியலைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அந்த வரியில் ‘பின்னணி: கூட்டம்’ என்று இருந்தது. அந்த ஷாட்டில் நாற்பது பேராவது இருப்பார்கள். வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு நண்பர்களைப் பார்க்க வந்தவர்கள். என் படத்தில் அவர்கள் வால்பேப்பர்.

தூரம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரைக் காட்டிய படங்களே போதும். கே. பாலசந்தர் ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) படத்தின் பெரும்பகுதியைச் சிங்கப்பூரில் எடுத்தார். கமல்ஹாசன், ரஜினிகாந்தோடு ஊரும் ஒரு நட்சத்திரம்போல் வரும். வந்து சுற்றிப் பார்ப்பவர்களின் கண். அதில் தவறில்லை, கதையே அப்படித்தான். ஆனால் எரிக் கூ இயக்கிய ‘மை மேஜிக்’ (2008) படத்தைப் பாருங்கள். கேன் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவுக்குத் தேர்வான முதல் சிங்கப்பூர்ப் படம். வசனம் பெரும்பாலும் தமிழ். குடியில் மூழ்கிய ஒரு மந்திரவித்தைக்காரர், அவருடைய சிறுவயது மகன். அந்தப் பாத்திரத்தில் நடித்த போஸ்கோ பிரான்சிஸ் நிஜத்திலேயே மந்திரவித்தைக்காரர். தம் உடம்பை வருத்திச் செய்யும் வித்தைகளைக் கேமரா விலகிப் போகாமல் பார்க்கிறது. அங்கே சிங்கப்பூர் என்பது வானளாவிய கட்டடங்கள் இல்லை, ஒரு தகப்பனின் முகம்.

கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ 2016ல் கேன் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து வெளியே வரும் சிவா என்ற தமிழர், தம் மனைவியையும் மகளையும் தேடி அலைகிறார். சிவகுமார் பாலகிருஷ்ணனும் தாயாக சீமா பிஸ்வாஸும் நடித்தார்கள். சுற்றுலா விளம்பரத்தின் வெளிச்சம் துளியும் விழாத சிங்கப்பூர் அது. (வயது வந்தோருக்கான படம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பொறுத்திருங்கள்.) சிவாவை எனக்கு ரொம்பப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேக்காவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியும் அளவுக்கு அவரோடு இருந்துவிட்டேன். 2018ல் வந்த ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தில், இந்தியர்கள் வாசலில் நிற்கும் காவலர்கள்போலச் சட்டகத்தின் ஓரத்தில் மட்டுமே வந்து போனார்கள் என்று இங்கே பலரும் வருத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். யாரைக் காட்டுகிறோம் என்பதோடு, சட்டகத்தின் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் காட்டுகிறோம் என்பதும் பேசும்.

இதைப் படித்துவிட்டு ‘லாங் ஷாட்’ என்றாலே மரியாதைக்குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். நானும் சில வாரம் அப்படி நினைத்து எல்லாவற்றையும் ‘குளோஸ் அப்’பில் எடுத்துக் கெடுத்தேன். என்னைத் திருத்தியது பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. 2021ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான டைகர் விருதை வென்ற தமிழ்ப்படம். கோபக்கார அப்பாவும் மகனும் கொளுத்தும் வெயிலில் வறண்ட நிலத்தில் நடக்கிறார்கள். கேமரா சில நேரம் அவர்கள் முதுகை ஒட்டியே போகிறது. சில நேரம் வெகுதூரம் விலகி நிற்கிறது. பரந்த பொட்டல் வெளியில் இரண்டு புள்ளிகள். அந்தத் தூரம் அவர்களைச் சிறுமைப்படுத்தவில்லை. முன்பே பக்கத்தில் நடந்துவிட்டதால் அந்தப் புள்ளிகள் யார் என்று நமக்குத் தெரியும். இன்னும் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் நமக்குச் சுடுகிறது. என் மேல்தள ஷாட்டில் இருந்த நாற்பது பேரில் ஒருவர் பக்கத்திலும் நான் நடந்ததில்லை.

நான் செய்த ஒரு பொய்

முதல் படத்தில் இன்னொரு தவறும் இருந்தது. இதை வகுப்பில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த அம்மா குனிந்து எதையோ பார்க்கும் ஒரு ஷாட். அடுத்து, சில்லறைக் காசு கிடக்கும் தகர டப்பா. அதை அடுத்து மறுபடி அவர் முகம். நண்பர்கள் எல்லாரும் “பாவம், பணக் கஷ்டம்போல,” என்றார்கள். எனக்கு மகிழ்ச்சி, படம் ‘வேலை செய்கிறது’ என்று.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்து காட்டியதாகச் சொல்லப்படும் வித்தைதான் இது. ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத முகம். அதை ஒரு கிண்ணம் சூப்போடு ஒட்டினால் பசி, சவப்பெட்டியோடு ஒட்டினால் துக்கம், ஒரு பெண்ணோடு ஒட்டினால் ஆசை. முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வைத்த ஷாட்தான் மாறியது.

உண்மையில் அந்த அம்மா அப்போது சரத்தின் நீளத்தை முழம்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காசு டப்பாவை நான் வேறொரு நாள் எடுத்தேன். பிறகு அவரிடம் பேசியபோதுதான் தெரிந்தது, கடையே அவர் குடும்பத்துடையது. நாள் முழுக்கக் கல்லாவில் நிற்கப் பிடிக்காமல் பூக்கட்ட உட்கார்ந்துவிடுவாராம். ஒரே ஒரு வெட்டில் ஒரு முதலாளியம்மாவை நான் ஏழையாக்கிவிட்டேன். உயரமும் தூரமும் கவனக்குறைவு. இது மட்டும் தெரிந்தே செய்தது, அதனால் எனக்கு இன்றும் உறுத்தல்.

பொருட்களை வைத்து நேர்மையாகவும் பேசலாம். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) எந்தக் காட்சியோடு முடிகிறது என்று நினைவிருக்கிறதா? இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவில் ஒரு பூ. சட்டகத்தில் மனிதர் யாரும் இல்லை. தேநீர்க்கடைகளில் சாதி பார்த்துத் தனிக்குவளை வைத்த ஊர்களின் வரலாறு தெரிந்தவருக்கு, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு குவளைகள் போதும். இரண்டு மணி நேரம் கதை சொல்லிச் சம்பாதித்த ஷாட் அது. நான் என் டப்பாவைச் சம்பாதிக்கவே இல்லை.

இரண்டாவது முறை

மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். “இந்தத் தடவையாவது நான் தெரிவேனா?” என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். கடையில் கூட்டம். தரையில் செய்தித்தாளை விரித்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். பூ வந்திறங்கிய பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் கைப்பேசியை நிறுத்தினேன். லென்ஸ் சரியாக அவர் கண் மட்டத்தில் இருந்தது. மிக அருகில் வைத்தால் கைப்பேசியின் அகன்ற லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கிவிடும். அதனால் கொஞ்சம் பின்னால் தள்ளி, இரண்டு மடங்கு லென்ஸுக்கு மாற்றினேன். பிறகு கூடையை ஒரு மீட்டர் இடப்பக்கம் நகர்த்தினேன். அந்த ஒரு மீட்டரில் நீலச் சுவரும் தீபாவளி விளக்கும் சட்டகத்தை விட்டு வெளியேறின. அவருக்குப் பின்னால் கடையின் இருண்ட உட்புறம் மட்டும். லிட்டில் இந்தியாவில் வண்ணத்தைச் சேர்ப்பது சுலபம், குறைப்பதுதான் வேலை. கடையின் குழல்விளக்கு அவர் கன்னத்தில் விழுந்தது. ஆட்கள் குறுக்கே போகும்போது வெளிச்சம் ஏறி இறங்காமல் இருக்க, திரையில் அவர் முகத்தை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டினேன்.

பன்னிரண்டு நிமிடம் ஓடவிட்டேன். வெட்டவில்லை, நகர்த்தவில்லை. முதல் மூன்று நிமிடம் அவர் கேமராவுக்காகப் பூக்கட்டினார். பிறகு மறந்துவிட்டார். உள்ளே யாரிடமோ பால் வாங்கச் சொன்னார். எனக்கு ஒரு பூவைக் காட்டி, “இது நேத்துப் பறிச்சது, பாரு, ஓரம் பழுத்திருக்கு,” என்று ஓரமாய் வைத்தார்.

அந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். தெருவில் போகும் எல்லாரும் இடுப்புக்குக் கீழேதான் சட்டகத்தில் வந்தார்கள். கால்சட்டைகள், சேலைக் கொசுவங்கள், முஸ்தஃபா பைகள், ஓடும் ஒரு குழந்தையின் முழு உருவம். ஒரு பயணி நின்று, மேலிருந்து அவரைப் படமெடுத்துக்கொண்டு போனார். எங்கள் சட்டகத்தில் அவர் இரண்டு முழங்கால்கள்.

ஒன்பதாவது நிமிடத்தில் பாதுகாப்புக் காலணி போட்ட இரண்டு கால்கள் வந்து நின்றன. சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. “ரெண்டு முழம் குடுங்கம்மா, கோயிலுக்கு,” என்று குரல் மட்டும் கேட்டது. அவர் அளந்து, வெட்டி, வாழையிலைத் துண்டில் சுற்றினார். வாங்குவதற்காக அந்தக் கால்கள் மடங்கின. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதன்முறையாக, இன்னொரு முகம் அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சட்டகத்துக்குள் வந்தது. என் வயதுதான் இருக்கும். படமெடுப்பதைக் கண்டு கொஞ்சம் கூச்சப்பட்டார். வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, “சரி, எடுங்க,” என்றார்.